அவையறிதலும் அவையஞ்சாமையும்: இளைஞர்க்கான ஊர்ப்பணிப் பயிற்சி

முன்னுரை

கல்லூரி என்பது பட்டம் வழங்கும் இடம் மட்டுமன்று. நாளை ஊரை நடத்தப் போகிறவர்கள் இன்று அமர்ந்து பயிலும் இடமும் அதுவேயாகும். வகுப்பறையில் இன்று வாய்மூடி இருப்பவர் நாளை ஊராட்சி மன்றத் தலைவர் ஆகலாம்; கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பாளர் ஆகலாம்; பள்ளிவாசல் நிருவாகக் குழுவில் கணக்குப் பேரேட்டைக் கையில் ஏந்தலாம். அப்பொறுப்பு வந்து சேரும் நாளில் அவருக்குத் துணை நிற்கும் பயிற்சி யாது? அதனை நாம் அளித்துள்ளோமா? இவ்வினாக்களைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளின் பொருட்பாலில் 72ஆம் அதிகாரம் 'அவையறிதல்'. 73ஆம் அதிகாரம் 'அவையஞ்சாமை'. 74ஆம் அதிகாரம் 'நாடு'. இவ்வைப்புமுறை எண்ணி மகிழத்தக்கது. முதலில் அவையை அறிதல் வேண்டும். அறிந்தபின் அஞ்சாது பேசுதல் வேண்டும். இவ்விரண்டும் கைவந்தோர் உள்ள இடத்தில்தான் நாடு என்பது அமையும். நம் கல்லூரிகளிலோ பேச்சுப்போட்டி, பட்டிமன்றம், கவியரங்கம் ஆகியவற்றால் அவையஞ்சாமை ஓரளவு பயிற்றப்படுகிறது. அவையறிதல் அந்த அளவிற்குப் பயிற்றப்படவில்லை. மேடையேறி முழங்கக் கற்ற மாணவர், ஒரு கூட்டத்தில் அமர்ந்து பிறர் கூற்றைக் கேட்கவும், கேட்டதைக் குறிக்கவும், குறித்ததை உரியவரிடம் கொண்டு சேர்த்து நிறைவேற்றவும் கற்றாரில்லை. இக்குறையைக் களைவதே இளைஞர்க்கான ஊர்ப்பணிப் பயிற்சியின் முதற்கடமை என்பது நம் கருத்து.

மூன்று ஆண்டுகளின் அருமை

இந்திய அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தின் வழி, வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தேர்தலில் போட்டியிட 21 வயது நிறைந்திருந்தால் போதும். ஆக, ஒருவர் வாக்காளர் ஆவதற்கும் வேட்பாளர் ஆகத் தகுதி பெறுவதற்கும் இடைப்பட்ட காலம் மூன்று ஆண்டுகள். இளங்கலைப் பட்டப்படிப்பின் காலமும் மூன்று ஆண்டுகளே. ஒருவருக்கு உரிமை வந்துவிட்டது, பொறுப்பு இன்னும் வரவில்லை என்னும் இந்த இடைவெளி முழுவதும் அவர் கல்லூரியின் கையில் இருக்கிறார். பயிற்சிக்கு இதனினும் ஏற்ற காலம் பிறிதொன்று இல்லை.

21 வயதில் பொறுப்பேற்றல் ஏட்டளவில் மட்டும் உள்ள செய்தி எனக் கருதுதல் வேண்டா. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாக மலர்ந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நிகழ்ந்தது. அத்தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டி ஊராட்சியின் தலைவராகச் சாருகலா என்னும் பொறியியல் பயின்ற பெண் தம் 21ஆம் வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாளேடுகள் அவர்தம் வயதைக் கண்டு வியந்தன. நாம் வியப்போடு நின்றுவிடலாகாது. அவ்வயதில் உள்ள நம் மாணவ மாணவியர் எத்தனை பேர்க்கு ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கைப் படித்துப் பொருள்கொள்ள இயலும் என்று நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும்.

முன்னோர் வகுத்த அவைநெறி

ஊர் அவைக்கு உரியவர் பயிற்சியும் தகுதியும் உடையவராய் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள மானூரில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மாறஞ்சடையன் ஆட்சிக்கு உரிய இக்கல்வெட்டு, கி.பி. 800ஐ ஒட்டியது என்பர் அறிஞர். ஊர்ச்சபையில் இடம்பெறுவோர் எத்தகையோராய் இருத்தல் வேண்டும் என்பதை அது விதிக்கின்றது. நிலப்பங்கு உடையோரின் மக்கள் என்பதனாலேயே எவரும் சபையில் பேசும் உரிமை பெற்றுவிடுவதில்லை. உரிய நூற்பயிற்சியும் நல்லொழுக்கமும் அவர்க்கு வேண்டும். மேலும், சபையில் வைக்கப்படும் கருத்து எதுவாயினும் 'அன்று, அன்று' என மறுத்துக் குலைப்பதையே தொழிலாகக் கொண்டோர்க்கு ஐந்து காசு தண்டம் விதிக்கப்பட்டது. மறுத்தல் குற்றமன்று, மறுப்பதற்காகவே மறுத்தல் குற்றம் என்னும் நுட்பம் ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்னரே நம் அண்டை ஊரில் கல்லில் பொறிக்கப்பட்டது என்பது பெருமைக்குரியது.

இதற்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர், முதற்பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிதோறும் தனித்தனிக் குழுக்கள் அமைந்திருந்தன. குடத்திலிட்ட ஓலையை எடுத்துத் தருபவன் ஒரு சிறுவன். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெற இயலாது. அண்மையில் வாரியப் பொறுப்பு வகித்தோர் மூன்று ஆண்டுகள் ஒதுங்கியிருத்தல் வேண்டும். கணக்கு ஒப்புவித்தல், பொறுப்பைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல் ஆகிய இரண்டும் பொதுவாழ்வின் அடித்தளம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் பழம்பெருமை பேசுங்கால் உண்மையை மறைத்தல் கூடாது. அவ்வவைகள் நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர் அவைகள். பெண்டிர்க்கும் நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் அங்கு இடமில்லை. உத்திரமேரூரின் முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை, இரண்டாம் கல்வெட்டில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டமையால் இளைஞர்க்கும் அங்கு இடமில்லாது போயிற்று. அந்நாளில் ஓலையை எடுத்துக் கொடுப்பதே இளையோர்க்கு வாய்த்த பணி. இந்நாளிலோ ஓலையில் எழுதப்படும் பெயரே அவர்களுடையதாக இருக்கலாம். முன்னோரின் நெறியைக் கொள்வோம். அவர்கள் இட்ட வேலியை விலக்குவோம்.

நம் மண் தந்த சான்றோர்

இளமையிலேயே பொதுப்பணியிற் பயின்றவர் பின்னாளில் எத்துணை உயர்வடைவர் என்பதற்குத் திருநெல்வேலிப் பேட்டை தந்த கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அவர்கள் தக்க சான்றாவார். 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பிறந்த அப்பெருமகனார், 1909ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதளவிலேயே, முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சிறுவர் சங்கம்தானே என எண்ணுதற்கில்லை. சங்கம் என ஒன்று அமைந்தால் கூட்டம் கூட்ட வேண்டும். சந்தா தண்ட வேண்டும். மாறுபட்ட கருத்துடையாரை ஒருமைப்படுத்த வேண்டும். பாராளுமன்றத்தில் பெரிய அளவில் நிகழ்வனவெல்லாம் தெருச் சங்கத்தில் சிறிய அளவில் நிகழ்கின்றன.

அப்பயிற்சியின் விளைவு பின்னர்ப் புலப்பட்டது. 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டப்பேரவையில் எதிர்க்கட்சித் தலைவராய் விளங்கிய அவர், அரசியல் நிருணய சபையிலும் உறுப்பினரானார். 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி குறித்து நிகழ்ந்த விவாதத்தில் தமிழின் தொன்மையையும் வளத்தையும் அச்சபையில் எடுத்துரைத்தார். அவர் முன்வைத்த கருத்துகள் பல அவையில் ஏற்கப்படவில்லை. எனினும் அவைநெறி வழுவாது, கடுஞ்சொல் கூறாது, 1972ஆம் ஆண்டு மறையும் வரை பொதுவாழ்வில் நின்றார். தம் கருத்துத் தோற்றபின்னும் அவையை மதித்து அமர்ந்திருத்தல் எளிதன்று. அது பழகிப் பெறவேண்டிய பண்பு.

தென்காசிக்குப் பெருமை சேர்த்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வழி நாம் பெறும் பாடம் வேறொன்று. சட்டம் பயின்ற அவர் சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும் அறநிலைய வாரிய ஆணையராகவும் பணியாற்றினார். எனினும் தமிழர் நெஞ்சில் அவர் நிலைத்திருப்பது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் இல்லத்தில் அவர் நடத்திய 'வட்டத்தொட்டி'யால் ஆகும். பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தும் அறிஞர் பலர் அவரை நாடி வந்தனர். வட்டத்தொட்டி இலக்கியம் துய்க்கும் கூட்டமேயன்றி அரசியற் கூட்டமன்று. ஆயினும் அதன் அமைப்பு நம் கருத்திற்கு உரியது. மேடையும் இல்லை, மாலையும் இல்லை. வட்டமாக அமர்ந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு மகிழ்ந்தனர். கேட்டற்குரிய பொறுமையை வளர்ப்பது அத்தகைய வட்டமே. நம் மாணவர் மன்றங்கள் ஆண்டில் சில நாளேனும் மேடையை விட்டு இறங்கி இவ்வாறு வட்டமாக அமர்தல் நன்று.

அவையறிதல் என்பது யாது?

அவையறிதல் என்பதை இந்நாளைய ஊர்ப்பணிக்குப் பொருத்திக் கூறின், 'எந்தப் பொருள் யாருடைய பொறுப்பு என்பதை அறிந்து, உரிய இடத்தில், உரிய முறையில் அதனை எழுப்புதல்' எனலாம். இதனை விளக்கக் குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஆனி, ஆடித் திங்களில் சாரல் தொடங்கியதும் பல்லாயிரவர் குற்றாலத்தில் குவிகின்றனர். கூட்டம் பெருகுந்தோறும் குப்பையும் பெருகுகின்றது. 'அரசு ஒன்றும் செய்யவில்லை' என்பது தேநீர்க்கடை தோறும் கேட்கும் பேச்சு. அரசு என்பது எது? பேரருவி குற்றாலம் பேரூராட்சியின் எல்லையில் உள்ளது. பழைய குற்றால அருவி ஆயிரப்பேரி ஊராட்சிப் பகுதியில் உள்ளது. பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறையின் பண்ணைக்குள் விழுகின்றது. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டிற்குள் இருத்தலின் வனத்துறைக்கு உட்பட்டவை. ஒரே மலை, ஒரே நீர், பொறுப்பாளரோ பலர். அவ்வருவிகளின் நீரை ஏந்திச் செல்லும் சிற்றாறு தென்காசியைக் கடந்து ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கின்றது. ஆகவே குற்றாலத்தில் நீரில் இடும் அழுக்கு, குற்றாலத்தாரை மட்டும் சார்ந்த செய்தியன்று.

2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அருவிக்கரையில் வெயில் அடிக்கும்போதும் மலைமேல் மழை பெய்யக்கூடும் என்பது இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிந்ததே. ஆனால் மலைமேல் பெய்யும் மழையைக் கண்டு சொல்ல வேண்டியவர் ஒருவர். அருவிக்கரையை நிருவகிப்பவர் மற்றொருவர். குளிப்போரை வெளியேற்றும் ஆணையை நிறைவேற்றும் காவலர் வேறொருவர். இவர்களிடையே செய்தி எவ்வாறு, எத்துணை விரைவில் செல்ல வேண்டும் என்பதுதான் வினா. இதனை உணர்ச்சி ததும்பும் சொற்பொழிவால் தீர்க்க இயலாது. ஒவ்வொரு துறையின் கடமையையும் அறிந்தவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, யார் யாருக்கு எப்போது சொல்வது என எழுதி வைத்தால்தான் இயலும். ஓர் இளைஞனின் உயிர்விலை கொடுத்து நாம் கற்கவேண்டிய பாடம் இது. அவையறியாமை வெறும் கல்விக்குறை அன்று. சில வேளைகளில் அது உயிர்க்கேடு.

கிராம சபை என்னும் பள்ளி

அவையறிதலைக் கற்பிக்கும் பள்ளி ஒன்று ஒவ்வோர் ஊரிலும் உள்ளது. அதுவே கிராம சபை. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினரே. அதாவது 18 வயது நிறைந்து பட்டியலிற் பெயர் சேர்த்த நம் மாணவர் ஒவ்வொருவரும், எவருடைய அழைப்பிற்கும் காத்திராமல், ஏற்கனவே ஓர் அவையின் உறுப்பினராய் இருக்கின்றனர். இதனை அறியாதோரே மிகுதி.

சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் கூடிவந்த கிராம சபை, 2022ஆம் ஆண்டு முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள் ஆகியவற்றையும் சேர்த்து ஆண்டிற்கு ஆறு முறை கூடும் என அரசு அறிவித்தது. கூட்டம் செல்லுபடியாக மக்கள்தொகைக்கேற்ப வருகை எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3000 வரை 100 பேரும், 3001 முதல் 10000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருத்தல் வேண்டும். இந்த எண்ணிக்கையை நிறைவு செய்ய இளைஞர் சிலர் சென்று அமர்ந்தாலே போதும். கூட்டத்தின் தன்மை மாறிவிடும். கையொப்பம் இட்டுவிட்டுத் திரும்பும் கூட்டம் வேறு; தீர்மானம் வாசிக்கப்படும்போது செவிசாய்த்திருக்கும் கூட்டம் வேறு.

பொறியியல் பயின்ற இளங்கோ என்பார் 1996ஆம் ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் ஊராட்சியின் தலைவரானார். சாதியால் பிரிந்து வாழ்ந்த குடும்பங்கள் ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு அருகருகே வாழும் இரட்டை வீடுகளை அவ்வூரில் அமைக்கச் செய்தார். பின்னர்ப் பிற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியையும் மேற்கொண்டார். படித்தவர் ஊரைவிட்டுச் செல்லுதலே முன்னேற்றம் எனக் கருதப்படும் காலத்தில், படிப்பை ஊருக்குத் திருப்பிக் கொணர்ந்த அவர்தம் செயல் எண்ணத்தக்கது.

உலக வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. டென்மார்க்கு நாட்டில் கிரண்ட்விக் என்னும் அறிஞரின் கருத்தைத் தழுவி 1844ஆம் ஆண்டு ரோடிங் என்னும் ஊரில் மக்கள் உயர்பள்ளி ஒன்று தோன்றியது. உழவர் வீட்டு இளைஞர் அங்குத் தங்கித் தாய்மொழி, வரலாறு, நாட்டு நடப்பு ஆகியவற்றைக் கலந்துரையாடிக் கற்றனர். அத்தகைய பள்ளிகளில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. அங்குப் பயின்றோர் அந்நாட்டின் கூட்டுறவு இயக்கத்திற்கு உரமாயினர். தேர்வுக்கு அப்பாலும் கல்வி உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தமிழ்த்துறை செய்யத்தக்கன

நம் கல்லூரிகளில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் உள்ளது. மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுகின்றனர். தெருவைத் துப்புரவு செய்தலும் மரக்கன்று நடுதலும் போற்றத்தக்கனவே. அத்துடன், நாம் துப்புரவு செய்த தெருவை நாளை யார் துப்புரவு செய்ய வேண்டும், அதற்குரிய தொகை எங்கிருந்து வருகின்றது என்பதையும் மாணவர் வினவியறிதல் வேண்டும். இதில் தமிழ்த்துறைக்குத் தனிப்பங்கு உண்டு. ஊர்ப்பணி முழுவதும் மொழியாலேயே நடைபெறுகின்றது. அம்மொழி நம் தமிழ். எனவே மூன்று ஆண்டுகளுக்கும் பின்வருமாறு படிமுறை வகுக்கலாம்.

முதலாண்டில் கேட்டலும் குறித்தலும். மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை மாணவரே முறைவைத்து எழுத வேண்டும். நாள், இடம், வந்திருந்தோர், தலைமை ஏற்றவர், கூட்டப்பொருள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தீர்மானத்தின் சொற்கள், மாறுபட்டவரின் கருத்து, யார் எந்நாளுக்குள் செய்து முடிப்பது என்பன அதில் இடம்பெற வேண்டும். தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் திரிக்காமல் எழுதக் கற்றவரே நடுநிலை கற்றவர். இலக்கண வகுப்பில் கற்ற வாக்கிய அமைதிக்கு இதனினும் சிறந்த பயன் வேறில்லை.

இரண்டாமாண்டில் வினவுதலும் விண்ணப்பித்தலும். 'எங்கள் தெருவில் தண்ணீர் வருவதில்லை, ஆவன செய்க' என்பது விண்ணப்பம் அன்று, அது பெருமூச்சு. எந்தத் தெரு, எத்தனை வீடுகள், எந்நாள் முதல், எத்தனை நாளுக்கு ஒருமுறை, முன்னர் எந்நாளில் யாரிடம் மனு அளிக்கப்பட்டது, இப்போது வேண்டுவது யாது என்பன தெளிவாய் அமைந்தால் அதற்கு விடை கூறியே ஆகவேண்டும். மனு அளித்ததற்கு ஒப்புகைச் சீட்டு பெற்று வைத்தலும் பயிற்சியின் பகுதியே. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் எவரும் அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடை தரப்படுதல் வேண்டும். வசைமொழி இன்றி, ஐயத்திற்கு இடமின்றி வினாவைச் சுருங்க எழுதுதல் ஒரு தமிழ்ப் பயிற்சியேயாகும்.

மூன்றாமாண்டில் கணக்கும் ஒப்படைப்பும். மன்ற விழாவிற்குத் திரட்டிய தொகையின் வரவுசெலவை மாணவரே எழுதி, பற்றுச்சீட்டுகளுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தொகை சிறிதாயினும் நெறி பெரிது. சில நூறு ரூபாய்க்குக் கணக்குக் காட்டி வழக்கப்பட்டவர்க்கு, சில இலட்சத்திற்குக் கணக்குக் காட்டுதல் அச்சம் தராது. மன்றப் பொறுப்புகளைப் பருவந்தோறும் மாற்றி, முந்தையவர் பிந்தையவரிடம் ஏடுகளை முறையாக ஒப்படைக்கச் செய்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவர்க்கு மறுபடி பொறுப்பில்லை என்னும் உத்திரமேரூர் நெறியை நம் மன்றங்களிலும் நிலைநாட்டலாம்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

'படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?' எனப் பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் அஞ்சுவர். அவ்வச்சம் காரணமற்றது அன்று. கொடி பிடித்துக் கல்வியைத் தொலைத்தோரை அவர்கள் கண்டிருக்கின்றனர். ஆயினும் கட்சியரசியல் வேறு. ஊர்ப்பணி அறிவு வேறு. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்கான தேர்தலே கட்சிச் சின்னம் இன்றித்தான் நடைபெறுகின்றது. சட்டமே அவ்வேறுபாட்டை ஏற்றுள்ளது. மேலும், முறையான பயிற்சி பெறாத இளைஞன் பொதுவாழ்வை விட்டு ஒதுங்கிவிடுவான் எனக் கொள்ளலாகாது. அவன் கைப்பேசியில் வந்து குவியும் வதந்தியையும் வெறுப்புரையையும் கொண்டு தன் அரசியலைத் தானே கற்றுக்கொள்வான். நாம் கற்பிக்காத இடத்தை வெற்றிடமாக எவரும் விட்டுவைப்பதில்லை.

நம் மஹல்லா ஜமாஅத்துகள் நல்ல பயிற்சிக்களங்கள். மஷூரா எனும் கலந்தாய்வு நம் மரபில் வலியுறுத்தப்பட்ட ஒன்று. ஜமாஅத் கூட்டங்களில் கல்லூரி மாணவர் இருவரைக் குறிப்பெழுதும் பொறுப்பில் அமர்த்தலாம். ஆண்டுக் கணக்கைத் தயாரிக்கும்போது அவர்களையும் உடன்வைத்துக் கொள்ளலாம். வாக்குரிமையோ முடிவெடுக்கும் உரிமையோ உடனே தரவேண்டுவதில்லை. அமர இடம் தந்தால் போதும். அவ்வாறே திருக்கோயில் குழுக்களும், தேவாலயச் சபைகளும், வணிகர் சங்கங்களும், உழவர் மன்றங்களும் தத்தம் இளைஞர்க்கு இடம் தருதல் நன்று. நம் பகுதியிலிருந்து பிழைப்பின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் செல்வோர் பலர். அவர்கள் அனுப்பும் பொருளால் ஊரில் கட்டடங்கள் எழுகின்றன. அவற்றை நடத்தும் அறிவுடைய கைகள் ஊரில் இல்லையேல் கட்டடம் மட்டுமே எஞ்சும்.

மகளிர் குறித்தும் ஒன்று கூறல் வேண்டும். 2016ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் மகளிர்க்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமாயுள்ளது. இதன் பொருள், ஊரில் உள்ள பொறுப்புகளில் பாதி நம் பெண்மக்களுக்கு உரியது என்பதாகும். அவர்களுக்குப் பயிற்சி அளிக்காவிடின் யாது நிகழும்? பெயர்ப்பலகையில் மனைவியின் பெயரும், நாற்காலியில் கணவரும் இருக்கும் காட்சியை நாம் காணாததன்று. அது சட்டத்திற்கும் இழுக்கு. அப்பெண்ணின் அறிவிற்கும் இழுக்கு. மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தந்தை, அடுத்த கிராம சபைக்குத் தம்முடன் அவளை அழைத்துச் செல்வாராக. அங்கு அவள் பேசாவிடினும் குற்றமில்லை. தன் ஊரின் தீர்மானம் எவ்வாறு உருவாகின்றது என்பதை அவள் கண்ணாற் காண்பாள்.

முடிவுரை

தலைமை என்பது முன்னே நடப்பது மட்டுமன்று; உடன் வருவோரின் சொல்லைக் கேட்டு நடப்பதுமாகும். மானூர்ச் சபையின் நெறி, உத்திரமேரூரின் கணக்கு, காயிதே மில்லத்தின் அவைப்பண்பு, வட்டத்தொட்டியின் கேட்கும் பொறுமை ஆகிய நான்கும் நம் இளைஞர்க்கு நாம் தரத்தக்க செல்வங்கள். இவற்றைத் தருவதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு கணக்கேடும், அமர ஓர் இடமும் போதும்.

மாணவச் செல்வங்களே! வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ளதா எனப் பாருங்கள், இல்லையேல் சேருங்கள். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும் நாளில் விடுமுறை உறக்கத்தை ஒதுக்கி எழுந்து செல்லுங்கள். முதல் முறை கேளுங்கள். இரண்டாம் முறை குறியுங்கள். மூன்றாம் முறை ஒரே ஒரு வினாவை, உரியவரிடம், பணிவோடு எழுப்புங்கள். அவையை அறிந்தவர்க்கு அவையஞ்சாமை தானே வரும். அத்தகையோர் பெருகும் ஊரே நாட்டிற்கு வலிமை சேர்க்கும்.